ஜி. டி. நாயுடு அவர்களின் தொழிற்கல்வி

ஏட்டினின்று பெறுங் கல்வி ஒன்று. கைத்தொழிலினின்று பெறுங் கல்வி மற்றொன்று. முன்னதனை நாடியே நாம் கல்லூரி புகுகின்றோம். பின்னதனையே தமக்குரிய பெருஞ்செல்வமாகக் கொண்டு, கோயமுத்தூரின் பெயரைத் தொழிலுலகில் நிலைநாட்டிய ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறு, மாணவராயினார் யாவரும் ஊன்றிப் பயிலத்தக்கதாகும்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னுஞ் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி நாயுடு அவர்கள் பிறந்தார்கள். இளமையிலேயே அன்னையை இழந்தார்கள். பள்ளிப்படிப்பில் அவர்கட்கு மனஞ் செல்லவில்லை; தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் தம் ஊர்ப்பக்கம் வரக்கண்ட நாள்தொட்டு, மாடும் குதிரையும் இன்றி ஓடும் அவ்வண்டியின் மருமத்தை அறியவேண்டும் என்னும் வேட்கை அவர்களைப் பற்றிக்கொண்டது. அதனை விலைக்கு வாங்குதற்பொருட்டுக் கோயமுத்தூரில் ஓர் உணவுவிடுதியில் பணியாளராக அமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். வண்டி கைக்கு வந்தபின் அதில் ஏறி உலாவுதலோடு அமைந்தார்களல்லர். அதனை முற்றும் பிரித்து, மீண்டும் பூட்டினார்கள். அவர்கட்கு வாய்த்த தொழிற்கல்லூரி அதுவேயாம்.

அக்கல்லூரியிற் கற்கக் கிடந்த பாடந்தான் யாது? பெட்ரோலும் காற்றும் தக்க அளவிற் கலத்தல் வேண்டும். அக்கலவை உருளைக்குள் அமுக்கப்படல் வேண்டும். உரிய நொடியில் மின்பொறி தோன்றல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று பிழைப்பினும் எஞ்சின் இயங்காது. ஸ்டட்கார்ட் நகரத்து பாஷ் தொழிற்சாலையார் 1902ஆம் ஆண்டில் உயரழுத்த மாக்னெட்டோவை ஆக்கியதன் பின்னரே மின்பொறி நம்பத்தக்கதாயிற்று. எனினும் ஒரு திருகு சற்றே தளர்ந்தாலும் வண்டி வழியில் நின்றுவிடும் காலம் அது. ஆதலின் ஓட்டுபவரே பழுது பார்ப்பவராகவும் இருத்தல் இன்றியமையாததாயிற்று.

1920ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார்கள். தருமபுரிப் பக்கத்துக் கம்பைநல்லூர் போன்ற ஊர்களிற் பிறந்தோர்க்கு, சந்தைக்கும் ரயிலடிக்கும் மருத்துவமனைக்கும் செல்லப் பேருந்து எத்துணைத் துணையாவது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வொரு வண்டியினின்று யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனம் வளர்ந்தது. அதன் வளர்ச்சிக்கு உயிர்நாடியாய் நின்றது பட்டறையே எனலாம்.

மேனாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு திரும்பிய அவர்கள், உலர்மின்கலத்தால் இயங்கும் ராசந்த் என்னும் முகச்சவரக் கருவியை ஆக்கினார்கள். 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு கூடி மின்மோட்டார் செய்தார்கள். நம் நாட்டிற் பிறந்த முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. 1952ஆம் ஆண்டில் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரத்தக்க கார் ஒன்றையும் உருவாக்கினார்கள். அரசினர் உரிமம் வழங்காமையின் அம்முயற்சி தளிரிலேயே கருகிற்று.

இவற்றினும் நம் சிந்தைக்குரியது 1945ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். அவர்கள் அளித்த நன்கொடையால் அந்நாளைச் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின; பின்னாளில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுவே. பொறியியலை நான்காண்டு கற்பித்தல் காலத்தை வீணாக்குவது, ஈராண்டே போதும் என்பது நாயுடு அவர்கள் கொள்கை. அரசினர் இசைந்திலர், அவர்களும் தம் முதல்வர் பதவியைத் துறந்தார்கள்.

இவ்வழக்கில் யார் பக்கம் நீதி? ஒரு பழைய டர்போ காரைச் சான்றுக்கு அழைப்போம். எஞ்சினின் கழிவுப்புகையாற் சக்கரமொன்றைச் சுழற்றி, அதனால் மிகுதிக் காற்றை உருளைக்குட் புகுத்தும் முறைக்குச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது கார்களில் ஏறிற்று. 1967ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தார் பெட்ரோலை மின்னணுக் கருவியால் அளந்து செலுத்தலாயினர். பின்னர் இவ்விரண்டும் ஒரே எஞ்சினில் இணைந்தன.

அத்தகைய வண்டி ஆண்டு பல கடந்தபின் கரும்புகை கக்குகின்றது என்று கொள்வோம். நீரின் வெப்பம் அறியும் சென்சார் குளிரில் மிகுந்த மின்தடையும், சூட்டிற் குறைந்த தடையும் காட்டும் இயல்பினது. அதன் இணைப்பிற் களிம்பேறித் தடை கூடுமாயின், எஞ்சின் சூடேறிய பின்னும் அதனைக் குளிர்ந்ததாகவே கருதிக் கருவி பெட்ரோலை மிகுத்துவிடும். இதனை அறியாதார் பாகம் பாகமாக மாற்றிப் பணம் இழப்பர். அறிந்தாரோ ஒவ்வொரு ஒயருக்கும் அடையாளமிட்டு, முனைக்கு முனை மீட்டரால் அளந்து, எர்த் இணைப்பைத் துரு நீங்கத் தேய்த்து இறுக்கி, நைந்த ஒயர்களை மாற்றிய பின்னரே எஞ்சினைத் திருத்தப் புகுவர்.

ஆயின் அத்திருத்தத்திற்கு நூலறிவும் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போவின் அழுத்தம் ஏறுங்கால் பெட்ரோலைச் சற்று மிகுத்தும், மின்பொறியைச் சற்றுத் தாழ்த்தும் கொடாவிடில், கலவை தானே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். பிரித்துப் பூட்டியே இதனைக் கற்கப் புகுவார், பல எஞ்சின்களைப் பலி கொடுத்தல் வேண்டும்.

ஆகவே, கற்கும் ஆண்டுகள் எத்துணை என்னும் வினாவில் நாயுடு அவர்களோடு நாம் முற்றும் உடன்படுதற்கில்லை. கருவியைத் தொடாது கழியும் ஆண்டு வீணே என்னும் அளவில் அவர்கள் கூற்று மெய்யாம். 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார்கள். அவர்கள் பற்றி நடந்த கார்கள் சில, கோயமுத்தூரில் அவர்கள் பெயரால் அமைந்த காட்சிச்சாலையிற் காணக் கிடக்கின்றன. அங்குச் செல்லும் மாணவர், கண்ணாற் கண்டு வியந்து மீளாது, தம் ஊர்ப் பட்டறையிற் பழுதாய்க் கிடக்கும் எஞ்சின் ஒன்றைத் திறந்து பார்க்கும் துணிவோடு மீள்வாராக.