கடல் கடந்தும் தாய் வகுத்த கோட்டைத் தாண்டாத கணித மேதை

கணித மேதை சீனிவாச ராமானுஜனை நினைக்கும்போது எண்களும் சூத்திரங்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த மேதையை வளர்த்த தாய் கோமளத்தம்மாளின் கண்டிப்பு, அவர் வாழ்வில் கடைசிவரை கூடவே வந்தது.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கர், வருமானம் குறைவு. தாய் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடியும், மாணவர்களுக்கு வீட்டில் உணவும் இடமும் தந்தும் குடும்பச் செலவைச் சமாளித்தார். அடுத்துப் பிறந்த மூன்று பிள்ளைகள் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட, மூத்த மகன் மீது அவருடைய பிடி இறுகியது. வைணவ ஆசாரம், பூஜை, சைவ உணவு, நாமக்கல் நாமகிரித் தாயார் மீது பக்தி ஆகிய எதிலும் வீட்டில் விட்டுக்கொடுப்பு இல்லை.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனை, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1913-இல் இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று கருதப்பட்ட காலம் அது. தாய் சம்மதிக்கவில்லை. மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கனவில் சொன்ன பிறகே அவர் மனம் இளகியதாகக் கூறப்படுகிறது.

1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. அதற்கு முன் குடுமியை எடுத்தாக வேண்டும். தாய் அதைக் கண்டு வருந்தக் கூடாது என்று பெற்றோரை முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார் ராமானுஜன்.

தோற்றம் மாறியது, பழக்கம் மாறவில்லை. டிரினிட்டி கல்லூரியில் தம் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. காய்கறிகள் கிடைப்பது அரிதானது. குளிர், நேரம் தவறிய உணவு, ஓயாத உழைப்பு எல்லாம் சேர்ந்து 1917-இல் அவரை நோயில் தள்ளின. மருத்துவமனைகளில் இருந்தபோதும் அசைவம் தொடவில்லை.

அந்தக் கண்டிப்புக்கு இன்னொருவரும் விலை கொடுத்தார். 1909-இல் ராமானுஜனை மணந்த ஜானகி இந்தியாவிலேயே விடப்பட்டார். கணவன் மனைவி கடிதங்கள் மாமியாரின் கையைத் தாண்டிச் சேரவில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வீட்டிலிருந்து கடிதம் வரவில்லையே என்று ராமானுஜன் ஏங்கினார்.

1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அறிவித்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் எழுதிய பதிலில், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அனாதைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடக் கேட்டுக்கொண்டார். சிக்கனமாக வளர்ந்த பிள்ளைக்குப் புகழ் வந்த பிறகும் கை நீளவில்லை.

அதே ஆண்டு நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் மறைந்தார்.

அந்நிய மண்ணில் அவரைத் தடுமாறாமல் நிறுத்தியதும் தாயின் வளர்ப்புதான். இளம் மனைவியின் அன்பை எட்டவிடாமல் மறித்ததும் அந்தத் தாயின் கைதான். பிள்ளைக்கு ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் பெற்றோர், எந்த இடத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ராமானுஜனின் வாழ்க்கை இரண்டையும் காட்டுகிறது.