இடிப்பதற்கு முன் நடந்து பார்த்தவர்: பாட்ரிக் கெடிஸ்

நகரமைப்பு ஒப்புதலை விரைவுபடுத்த ஒற்றைச் சாளர முறை பேசப்படும் காலம் இது. ஒப்புதலுக்கு முன் எவரைக் கேட்க வேண்டும் என்ற வினாவோ பின்தள்ளப்படுகிறது. அவ்வினாவை நூறாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் எழுப்பியவர் பாட்ரிக் கெடிஸ்.

1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்த கெடிஸ் உயிரியல் பயின்றவர். 1880களில் எடின்பரோவில், வசதி படைத்தோர் கைவிட்டுச் சென்ற நெரிசலான பழைய நகரில் மனைவி அன்னாவுடன் குடியேறினார். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு குடியிருப்புகளைச் செப்பனிட்டார்.

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மீண்டும் திரட்டிய படங்களுடன் 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

நெரிசலைப் போக்க வீடுகளின் ஊடே நேர்கோட்டில் சாலை வெட்டுவது அன்றைய பொறியாளர்களின் வழக்கம். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவ்வாறு தீட்டப்பட்ட திட்டத்தைக் கெடிஸ் ஏற்கவில்லை. வீடிழந்தோர் அடுத்த சந்தில் அடைவர். நெரிசல் இடம் மாறுமே தவிரத் தீராது என்றார். சிதைந்த சில கட்டடங்களை மட்டும் நீக்கித் திறந்தவெளிகளை உண்டாக்கும் மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார். அதற்குச் செலவும் குறைவு.

பிளேக் வாட்டிய இந்தூரில், தூய்மையாக்கப்பட்ட தெருக்களின் வழியாகவே தீபாவளி ஊர்வலம் செல்லும் என அறிவிக்கச் செய்தார். தூய்மைப் பணியாளர்கள் வெண்ணிற உடையணிந்து அதில் நடந்தனர். ஆயினும் அது ஒருநாள் மரியாதையே. மறுநாளும் துடைப்பம் அதே சாதியினரின் கைகளில்தான் இருந்தது. அவர் எட்டாத எல்லை அது.

1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றிய கெடிஸ், 1932இல் பிரான்சில் மறைந்தார்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 திட்ட வரைவுகளின் மீது மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வழிசெய்கிறது. ஆனால் தெருவில் வாழ்வோருக்குப் புரியாத மொழியிலும் வரைபடத்திலும் வரும் அறிவிப்பு அவர்களுக்கு எட்டுவதில்லை. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டோர் இதை அறிவர். அவர்களுள் தலித் மக்கள் பெருமளவினர்.

கள ஆய்வு முதலில், குடியிருப்போர் பங்கேற்பு அடுத்து, கையொப்பம் இறுதியில். கெடிஸிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வரிசையை. அவர் தொடாத சாதியை அதன் முதற்பக்கத்தில் எழுதுவது நம் வேலை.