கேடயத்திலும் ஆபத்தைக் கண்ட விஞ்ஞானி

வாள் தாக்கும், கேடயம் காக்கும். ஆனால், அணுவாயுத உலகில் கேடயமும் போருக்கு வழிவகுக்கலாம் என்று எச்சரித்தார் ஆண்ட்ரே சகாரோவ்.

1921 மே 21ஆம் தேதி மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இயற்பியல் ஆசிரியர். சோவியத் ஒன்றியம் 1953இல் சோதித்த ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியதில் சகாரோவுக்குப் பெரும் பங்குண்டு. அதே ஆண்டில், 32 வயதிலேயே அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். நாட்டின் உயரிய விருது மூன்று முறை அவரைத் தேடி வந்தது.

1960களில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரியின் ஏவுகணையை நடுவானிலேயே அழிக்கும் தடுப்பு ஏவுகணைகளில் இறங்கின. இருவருமே இதை நிறுத்திக்கொள்ளலாம் என்று 1967இல் அமெரிக்கா கேட்டது. மக்களைக் காப்பதில் என்ன தவறு என்பது சோவியத் தலைவர்களின் வாதம்.

சகாரோவ் வேறு விதமாகக் கணக்கிட்டார். தாக்கினால் திருப்பி அடிப்பார்கள் என்ற அச்சமே இரு நாடுகளையும் தடுத்து வைத்திருந்தது. ஒருவர் கேடயம் அமைத்தால், முதலில் அடித்துவிட்டு மிஞ்சும் பதிலடியைத் தடுத்துக்கொள்ளத் திட்டமிடுகிறாரோ என்று மற்றவர் சந்தேகிப்பார். உடனே ஏவுகணைகளைப் பெருக்குவார். கேடயத்தைவிட ஏவுகணைக்கு ஆகும் செலவு குறைவு. முடிவில் பாதுகாப்பு கூடாது, ஆயுதமே கூடும்.

அமெரிக்காவின் யோசனையை ஏற்கும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். இதைப் பத்திரிகையில் விவாதிக்கவும் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1968இல் அவருடைய கட்டுரை வெளிநாட்டில் வெளியானதும் இரகசிய ஆய்வுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆனால், 1972இல் இரு நாடுகளும் தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு விதித்து மாஸ்கோவில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

மனித உரிமைக்காகவும் குரல் கொடுத்த சகாரோவுக்கு 1975இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதைப் பெற்றுக்கொள்ள அரசாங்கம் அவரை அனுப்பவில்லை. மனைவி யெலேனா போன்னர் பெற்றுக்கொண்டார். 1980இல் கார்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்டதுபோல் அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காவலில் கழித்தார்.

1986 டிசம்பரில் விடுதலையானார். அப்போது அமெரிக்க அதிபர் ரீகனின் விண்வெளிக் கேடயத் திட்டத்தால் ஆயுதக் குறைப்புப் பேச்சு முடங்கிக் கிடந்தது. அந்தக் கேடயத்தை எளிதில் முறியடிக்கலாம், அதற்காகக் குறைப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று 1987 பிப்ரவரியில் மாஸ்கோ மாநாட்டில் வாதிட்டார். இம்முறை சொந்த நாட்டின் நிலைப்பாட்டையே எதிர்த்தார். அம்மாத இறுதியில் சோவியத் தலைவர் கொர்பசேவ், நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளைப் பொறுத்தவரை அந்த நிபந்தனையைக் கைவிட்டார். டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1989 டிசம்பர் 14ஆம் தேதி சகாரோவ் காலமானார். 1972ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2002இல் விலகியது. நம் பாதுகாப்பு எதிரிக்கு எப்படித் தெரியும் என்ற அவருடைய கேள்வி மட்டும் இன்னும் விலகவில்லை.