பூச்சி தின்னும் செடியும் கோவை டாக்டரும்

ஆடு செடியைத் தின்னும். புலி ஆட்டைத் தின்னும். இது உலக வழக்கம். செடி ஒரு பிராணியைப் பிடித்துத் தின்பது உண்டா?

உண்டு! எறும்பு, கொசு, சின்ன ஈ முதலியவற்றைப் பிடித்துத் தின்னும் செடிகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. மலைகளில் உள்ள சேற்று நிலங்களிலும், சமவெளியில் உள்ள குளங்களிலும் அவை வளர்கின்றன.

இந்தச் செடிகளையும், தென்னாட்டில் வளரும் இன்னும் பல நூறு செடிகளையும் படமாக எழுதுவித்துப் புத்தகமாக்கினார் ஒரு டாக்டர். அவர் பெயர் ராபர்ட் வைட். 11 ஆண்டுகள் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர்.

ஆனால், அவரைக் கோவைக்கு அனுப்பியது செடிகளைப் படம் எழுத அல்ல. பருத்தி விளைவிக்க! அந்தப் பருத்தி தோற்றது. படங்கள் நிலைத்தன.

கப்பலில் வந்தார்

ராபர்ட் வைட் 1796-ம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோ நகரில் டாக்டர் படிப்புப் படித்தார். அந்தக் காலத்தில் டாக்டர்கள் செடிகளைப் பற்றியும் படிக்க வேண்டும். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகளில் இருந்துதானே வந்தன!

1819-ம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி டாக்டராகச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. ஓய்வு நேரத்தில் செடி, கொடிகளைச் சேகரித்தார். காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்தினார்.

1826-ம் ஆண்டு அவரைச் செடி ஆராய்ச்சி வேலைக்கே சர்க்கார் நியமித்தது. அவருடைய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1828-ல், கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியை எடுத்துவிட்டார். வைட் மறுபடியும் டாக்டராக நாகப்பட்டினம் போனார்.

அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. சேகரிப்பை விடவும் இல்லை. 1831-ல் விடுமுறையில் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினார். அவருடன் போனவை ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்ந்த செடிகள். அவற்றின் எடை 2 டன்!

அங்கே ஆர்னாட் என்ற நண்பருடன் சேர்ந்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1834-ல் அது வெளிவந்தது. பூச்சி தின்னும் செடிகளும் அந்த நூலில் இடம் பெற்றன.

இரண்டு சித்திரக்காரர்கள்

அந்த ஆண்டே வைட் இந்தியாவுக்குத் திரும்பினார். எழுத்து மட்டும் போதாது, படம் வேண்டும் என்பது அவர் எண்ணம். பெயரைப் படித்தால் செடி தெரியாது. படத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

அவருக்குக் கை கொடுத்தவர்கள் இரண்டு தென்னிந்தியச் சித்திரக்காரர்கள். ஒருவர் ரங்கய்யா. அவருக்குப் பின் வந்தவர் கோவிந்து. இலையில் ஓடும் நரம்பு, பூவுக்குள் இருக்கும் மகரந்தத் தூள், விதையின் உட்புறம் எல்லாவற்றையும் அவர்கள் கண்டது கண்டபடி எழுதினார்கள்.

அந்தப் படங்களை அச்சடிக்கச் சென்னையில் வசதி குறைவு. வைட் தாமே கல்லச்சு வேலையைக் கற்றுக் கொண்டார். 1838-ல் தொடங்கி 1853 வரை, 'ஐகோனஸ்' என்ற நூலை ஆறு பாகங்களாக வெளியிட்டார். அதில் உள்ள படங்கள் 2,101!

அந்தக் காலத்தில் இந்தியச் சித்திரக்காரரின் பெயரை வெள்ளைக்காரர் பலர் வெளியே சொல்வதில்லை. வைட் சொன்னார். படங்களில் அவர்கள் பெயர்களைப் பொறித்தார். ஒரு மலர்ச் செடி வகைக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இன்று அந்தச் செடி வேறு பெயரில் வழங்குகிறது. ஆனாலும் தாவர நூல்களில் கோவிந்துவின் பெயர் பதிந்துவிட்டது.

அமெரிக்கப் பருத்தி

1842-ம் ஆண்டு வைட்டுக்குப் புதிய உத்தரவு வந்தது. கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனைப் பண்ணைகளுக்கு அவர் அதிகாரி ஆனார்.

அப்போது கோவை சிறிய ஊர். நகராட்சி கிடையாது. அது 1866-ல்தான் வந்தது. ரயிலும் கிடையாது. மில் சங்கு ஊத இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆனால் பருத்தி இருந்தது. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் உப்பம் முதலிய நாட்டுப் பருத்தியைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்தார்கள்.

அதன் பஞ்சு குட்டையானது. இங்கிலாந்து ஆலைகளுக்கு நீளப் பஞ்சு தேவை. அதற்காகவே அமெரிக்க விதை வந்தது.

அமெரிக்காவில் பெய்யும் மழை வேறு. கோவையில் பெய்யும் மழை வேறு. பண்ணையில் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியைக் குடியானவர்கள் தங்கள் காட்டில் விதைக்க முன்வரவில்லை. நாட்டுப் பருத்தி வறட்சியைத் தாங்கும். புதுச் செடியை நம்பி விதைத்து, அது காய்ந்துவிட்டால் வீட்டில் உலை ஏது? அவர்கள் கணக்கு அது.

11 ஆண்டுகள் வைட் பாடுபட்டார். 1853-ல் அந்தச் சோதனை முடிவுக்கு வந்தது.

ஆனால் அதே 11 ஆண்டுகளில் அவர் நீலகிரித் தாவரங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். ஐகோனஸ் நூலின் பிற்பாகங்களும் அப்போதுதான் வந்தன. குளத்தில் மிதந்து பூச்சி பிடிக்கும் செடிகளின் படங்கள் அவற்றில் இருக்கின்றன.

பனித்துளி அல்ல, பசை!

பூச்சி தின்னும் செடிகளில் ஒன்றுக்கு அழுகண்ணி என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் செடி. அதன் இலையில் சிவந்த ரோமங்கள் இருக்கும். ஒவ்வொரு ரோம நுனியிலும் கண்ணீர்த் துளி போல ஒரு துளி மின்னும்.

அது பனித்துளி அல்ல, பசை! தேன் என்று எண்ணிப் பூச்சி வந்து உட்காரும். கால் ஒட்டிக்கொள்ளும். துடிக்கத் துடிக்க மற்ற ரோமங்களும் வளைந்து அதை அமுக்கும். பிறகு இலையில் ஒரு நீர் ஊறிப் பூச்சியைக் கரைக்கும். அந்தச் சத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொரு வகை, குளத்தில் மிதப்பது. அதன் கொடியில் கடுகு போன்ற சின்னஞ்சிறு பைகள் இருக்கும். பையின் வாயில் ஒரு கதவு உண்டு. நீர்ப்பூச்சி அங்குள்ள ரோமத்தைத் தொட்டால் கதவு திறக்கும். தண்ணீரோடு பூச்சியும் உள்ளே இழுக்கப்படும். இவ்வளவும் நடக்க, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது!

செடிக்கு ஏன் இந்த வேலை? கொங்கு நாட்டு விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். பயிருக்குத் தழைச்சத்து வேண்டும். இந்தச் செடிகள் வாழும் சேற்றிலும் நீரிலும் தழைச்சத்து மிகக் குறைவு. மண் கொடுக்காததைப் பூச்சியிடம் இருந்து எடுத்துக் கொள்கின்றன. பூச்சிதான் அவற்றுக்கு உரம்!

இதைச் சோதனை செய்து விரிவாக எழுதியவர் சார்லஸ் டார்வின். அவர் அழுகண்ணி இலையில் இறைச்சித் துணுக்கையும் முட்டையின் வெள்ளையையும் வைத்துப் பார்த்தார். இலை அவற்றைச் செரித்தது! டார்வினின் நூல் 1875-ல் வெளிவந்தது. அதைப் படிக்க வைட் உயிருடன் இல்லை.

1853-ல் ஊருக்குத் திரும்பிய வைட், இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். தம்மிடம் இருந்த செடிச் சேகரிப்பைக் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொடுத்தார். 1872-ம் ஆண்டு மே மாதம் காலமானார்.

இன்று என்ன நிலை?

வைட் காலத்து நீலகிரியில் புல்வெளியும், பள்ளங்களில் சேற்று நிலமும் பரந்து கிடந்தன. பிறகு தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன. பல பள்ளத்தாக்குகள் அணைகளின் நீரில் மூழ்கின. சமவெளியிலும் குளங்கள் சுருங்கின. சாக்கடை புகுந்தது.

பூச்சி தின்னும் செடிக்கு இது இரட்டை ஆபத்து. இடம் போய்விடுகிறது. மிஞ்சிய இடத்திலும் சாக்கடை நீரும், வயலில் இருந்து வடியும் உர நீரும் சேர்கின்றன. உரம் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி அல்ல! உரம் கிடைத்ததும் பெரிய களைகள் ஓங்கி வளரும். நிழல் விழும். அழுகண்ணி வெயில் இன்றி மடியும். ஏழை மண்ணில் வாழக் கற்ற செடிக்குச் செழித்த மண்ணில் இடம் இல்லை.

இவற்றைக் காக்கும் வழி கடினமானது அல்ல. சேற்று நிலத்தை மூடாமல் இருக்க வேண்டும். சாக்கடையைக் குளத்தில் விடக் கூடாது. செடியை வேரோடு பிடுங்கி வரக் கூடாது.

கொங்கு நாட்டில் நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2022-ல் ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு ஏரியும், 2024-ல் திருப்பூர் நஞ்சராயன் குளமும் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காகப் பெயர் பெற்ற நீர்நிலைகள் அவை. நீர்நிலையைக் காத்தால், பறவையோடு மீனும் செடியும் பிழைக்கும்.

ரங்கய்யாவும் கோவிந்துவும் எழுதிய படங்கள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் உள்ள செடியைக் கொங்கு நாட்டுக் குழந்தைகள் சேற்று ஓரத்தில் குனிந்து நேரிலே பார்க்க வேண்டும். அதற்கு அந்தச் சேறு அங்கே இருக்க வேண்டும்.