எய்ட்ஸ் பயத்தை விரட்டிய டாக்டர் அம்மா சுனிதி சாலமன்

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் பிரிவு)

ஆண்டு மலர் என்றாலே காந்தி, காமராஜர், அப்துல் கலாம் வரலாறு கட்டாயம் இருக்கும். அவர்களைப் பற்றி எழுத நம் சங்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு டாக்டர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர். அதுவும் நம்ம தமிழ்நாட்டில் இருந்து சொன்னவர். அவர்தான் டாக்டர் சுனிதி சாலமன்.

பிறப்பும் படிப்பும்

1930-களின் கடைசியில் சென்னையில் பிறந்தார். மராட்டியக் குடும்பம். தந்தை கெய்தோண்டே தோல் வியாபாரி. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஒருத்தர்தான் பெண். சின்ன வயதில் வருடா வருடம் வீட்டுக்குத் தடுப்பூசி போட வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் டாக்டர் படிப்பில் ஆசை வந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கே படித்த விக்டர் சாலமன் என்ற இருதய அறுவை சிகிச்சை டாக்டரை மணந்தார். இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் வேலை பார்த்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தன் வேலை இங்கேதான் அதிகம் தேவை என்று நினைத்து 1973-ல் சென்னைக்கே திரும்பி வந்தார். படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் சேர்ந்து பேராசிரியர் ஆனார்.

1986-ல் நடந்தது

எய்ட்ஸ் நோயைப் பற்றி 1981-ல் அமெரிக்காவில் முதலில் எழுதினார்கள். அதற்குக் காரணமான கிருமி 1983-ல் தெரிந்தது. இங்கே எல்லோரும் என்ன நினைத்தார்கள்? அது வெள்ளைக்காரன் நோய், நம்ம கலாச்சாரத்தில் வராது என்று. பம்பாயில் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. சென்னை அதைவிடக் கட்டுப்பாடான ஊர் ஆச்சே, இங்கே எங்கே இருக்கப் போகிறது?

சுனிதி அம்மா அப்படி நினைத்துச் சும்மா இருக்கவில்லை. தன்னிடம் மேற்படிப்பு படித்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியிடம் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலா அம்மாவுக்கு முதலில் தயக்கம். ஆனால் அவருடைய கணவர் தைரியம் சொன்னார். சென்னை மயிலாப்பூரில் இருந்த பெண்கள் காப்பகத்துக்குப் போய், அங்கே வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். கையுறை கிடையாது. பாதுகாப்புச் சாதனம் கிடையாது. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

சென்னையில் அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடி வந்து இறங்கினார். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அந்த ஆறும் எச்.ஐ.வி. உள்ள ரத்தம்! சுனிதி அம்மா உடனே நம்பிவிடவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்த பிறகுதான் அரசாங்கத்துக்குச் சொன்னார். அந்த மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். நாடே அதிர்ந்தது. நம்பாதவர்களும் இருந்தார்கள், திட்டினவர்களும் இருந்தார்கள்.

நண்பர்களே, ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியாது. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலையோ படிப்போ வாடகை வீடோ மறுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்துவிட்டது. 2018 செப்டம்பரில் இருந்து அது அமலில் இருக்கிறது.

கிருமியைவிடக் கொடியது

கண்டுபிடித்ததோடு சுனிதி அம்மாவின் வேலை முடியவில்லை. நோய் உள்ளவர்களைப் பல ஆஸ்பத்திரிகள் தொட மறுத்தன. சொந்த வீட்டார் கைவிட்டார்கள். இந்த நோயாளிகளோடு வேலை வேண்டாம் என்று அவர் கணவரே முதலில் தடுத்தாராம். அவர்கள் கதையைக் காது கொடுத்துக் கேட்டால் அப்படிப் பேசமாட்டீர்கள் என்று புரியவைத்தார். 1993-ல் அரசாங்க வேலையை விட்டுவிட்டு, தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் தொடங்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பரிசோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் பெற்றார்கள்.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன்? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இந்த நோயைப் பற்றி எங்க வீட்ல பேசினதே கிடையாது. எங்கள் தெருவில் லாரி ஓட்டின ஒருத்தர் இந்த நோயில் இறந்துபோனார். அதற்கப்புறம் அவர் சம்சாரம் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்த அம்மா எல்லோரும் போன பிறகு கடைசியாக வந்து தண்ணி பிடிக்கும். அவங்க செய்த தப்பு என்ன? குடத்தில் ஒட்டுமா அந்தக் கிருமி? ஒட்டாது என்று படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது?

எச்.ஐ.வி. பரவும் வழி நாலுதான். ஒன்று, கிருமி உள்ளவரோடு ஆணுறை இல்லாத உடலுறவு. இரண்டு, கிருமி உள்ள ரத்தம் ஏற்றுவது. மூன்று, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. நான்கு, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு.

கை கொடுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஹாஸ்டல் பாத்ரூமில் குளித்தால், கொசு கடித்தால், இருமினால் பரவாது. கிரிவலத்தில் லட்சம் பேர் நெருக்கத்தில் நடந்தாலும் பரவாது. ரத்ததானம் செய்பவருக்கு வராது, ஊசி புதுசு. ஆனால் தீபத் திருவிழாக் கூட்டத்தில் பச்சை குத்திக்கொள்ளும் நண்பர்கள் ஊசி புதுசா என்று கேட்டே ஆகணும். எய்ட்ஸ் மட்டுமில்லை, மஞ்சள்காமாலைக் கிருமியும் அந்த வழியில் வரும்.

அறிகுறியும் பரிசோதனையும்

ஆளைப் பார்த்து எச்.ஐ.வி. இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கிருமி புகுந்த சில வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும், தானாகப் போய்விடும். சிலருக்கு அதுவும் வராது. அதன்பிறகு பல வருடம் ஒன்றுமே தெரியாது. அந்தக் காலத்தில் கிருமி ரத்த வெள்ளையணுக்களை மெல்ல அழிக்கிறது. எதிர்ப்பு சக்தி தீர்ந்தபின் எடை குறைவு, விடாத காய்ச்சல், பேதி, வாயில் வெள்ளைப் படலம், காசநோய் என்று வரிசையாக வரும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர்.

ஆகவே ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும். இலவசம், ரகசியம் காப்பார்கள். கிருமி புகுந்த உடனே சோதனையில் தெரியாது, மூன்று மாதம் வரை ஆகலாம். ஆகையால் மறுபடி சோதிக்கச் சொன்னால் போய்ச் சோதிக்கணும். சந்தேகம் உள்ளவர்கள் ரத்ததான முகாமுக்குப் போய் அங்கே தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. ஆபத்து நேர்ந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் 28 நாள் மாத்திரை கொடுத்துத் தடுக்கப் பார்ப்பார்கள். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம், காசு கிடையாது.

கல்யாணம் செய்து வைத்த டாக்டர்

2004 ஏப்ரலில் இருந்து அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தினமும் விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம். சாகப் போகிறோம் என்று நினைத்தவர்கள் வாழ ஆரம்பித்தார்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாண ஆசை வராதா? சுனிதி அம்மா அதற்கும் வழி செய்தார். எச்.ஐ.வி. உள்ள பையனுக்கும் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கும் தானே வரன் பார்த்தார். நம்ம வீட்ல பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இவர் வெள்ளையணு எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்தார்! மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் தாய்க்குக் கிருமி இல்லாத குழந்தை பிறக்க முடியும் என்பதால் அந்த வீடுகளில் தொட்டிலும் ஆடியது.

அவருடைய மையம் உலக அளவிலான ஓர் ஆய்விலும் பங்கெடுத்தது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். ஒருவருக்குக் கிருமி உண்டு, துணைக்கு இல்லை. சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு மருந்து அடக்கிவிட்டால் உடலுறவில் பரவாது என்று இன்று உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்கிறார்கள்.

சுனிதி அம்மா 2015 ஜூலை 28 அன்று சென்னையில் புற்றுநோயால் காலமானார். 2017-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அதை வாங்க அவர் இல்லை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

மெஷினில் கோளாறு என்றால் நாம் மூடி வைத்துவிட்டுப் போவதில்லை. கழற்றிப் பார்க்கிறோம், எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிறோம். நோயையும் அப்படித்தான் பார்க்கணும் என்று வாழ்ந்து காட்டியவர் சுனிதி அம்மா. யாரும் பார்க்க விரும்பாத இடத்தில் பார்த்தார். அங்கே கிருமியைக் கண்டார், அதோடு மனிதர்களையும் கண்டார்.

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நாம் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்த நாலு வழியையும் அம்மா அப்பாவிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம்ம தெருக் குழாயடியில் இனி யாரும் கடைசியில் நிற்க வேண்டாம்.