சுரங்கத்தில் இறங்கிய அம்பேத்கரும் குப்பை சேகரிப்போரின் உடல்நலமும்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மோகனூர்க் காவிரிக் கரைக்குச் செல்வோர், மக்கள் விட்டுச்சென்ற பழந்துணிகளுக்கும் நெகிழிப் பைகளுக்கும் இடையே சாக்குப்பையுடன் குனிந்து நிற்போரைக் காணலாம். கையில் உறை இல்லை. காலில் செருப்பு இல்லை. கண்ணாடித் துண்டு கிழித்த கையோடு அவர்கள் காயலான் கடைக்குச் செல்கிறார்கள். அங்கே எடைக்கு விலை உண்டு, காயத்துக்கு இல்லை. இத்தொழிலில் உழல்வோரில் மிகப்பலர் தலித் மக்கள். அவர்களின் இடத்தில் நின்று அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை மீண்டும் வாசிக்க விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தவர் அவர். செத்த மாடுகளை அப்புறப்படுத்தும் கடமை சுமத்தப்பட்ட மகர் சமூகமே அவருடைய சமூகம். 1927 மார்ச்சில் நடந்த மகாடு மாநாட்டைச் சவுதார் குளத்து நீருக்காகவே நாம் நினைவுகூர்கிறோம். செத்த மாட்டிறைச்சியை உண்பதையும் இழிவெனத் திணிக்கப்பட்ட பணிகளையும் கைவிடுமாறு மக்களை அழைத்ததும் அதே மாநாடுதான். கழிவு யார் கையில் வந்து சேர்கிறது என்பதைச் சாதியே தீர்மானிக்கிறது என அவர் தெளிவாகக் கண்டார்.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் அதையே கண்டார். அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்கும் வழக்கம் அங்கே இருந்தது. தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளர்கள் தொட மறுத்தனர். ஆகவே கூலி மிகுந்த நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு அடைக்கப்பட்டது. பஞ்சுத் தூசியை நுரையீரலுக்குள் இழுக்கும் அவ்வழக்கம் எல்லோருக்கும் கேடு. எனினும் பேசப்பட்டது தீட்டு மட்டுமே. இந்த விலக்கலை 1920களின் இறுதியில் தொழிற்சங்கங்களின் முன் அவர் எழுப்பினார். 1935இல் பம்பாய் நகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியோரில் அவர் முதன்மையானவர்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பணியாற்றினார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று நிலத்தடியில் இறங்கி வேலையை நேரில் கண்டார். போர்க்காலத்தில் பெண்களை மீண்டும் சுரங்கத்தடியில் இறக்கிய முடிவும் அவருடைய காலத்ததே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அத்தடை 1946இல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்ததும், 1948இன் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வித்திட்ட அடார்க்கர் அறிக்கை உருவானதும் அக்காலத்திலேயே.

நமக்கு இன்று மிகவும் தேவையான பாடம் 1944இன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி. சுரங்கங்களிலிருந்து அனுப்பப்படும் கரியின் மீதே தீர்வை விதித்து, அதைத் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் வீட்டுவசதிக்கும் செலவிடும் ஏற்பாடு அது. தனித்தனி முதலாளியின் மனமிரக்கத்தை அது நம்பி நிற்கவில்லை.

குப்பை சேகரிப்போர் உரிமை கோரும்போதெல்லாம் சட்டம் முதலில் கேட்பது, முதலாளி யார் என்பதே. அவர்களுக்கு அப்படி எவரும் இல்லை. ஊழியர் காப்பீடும் அவர்களை எட்டவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவர்களை அங்கீகரித்தன. கழிவைக் கையாளும் பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி வழங்கவும் கூறின. ஆனால் எந்த ஊதியப் பட்டியலிலும் பெயர் இல்லாதவருக்கு இவற்றை யார் வழங்குவது? கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996 முதல் கட்டடச் செலவின் மீது தீர்வை வசூலிக்கும் சட்டம் உண்டு. நெகிழியைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கு அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் விதிகள் சுமத்தியுள்ளன. அப்பொறுப்பைப் பணமாக்கி, நெகிழியின் எடைக்கேற்பத் தீர்வை விதித்து, தடுப்பூசிக்கும் காயச் சிகிச்சைக்கும் ஓய்வூதியத்துக்கும் நிதியாக்கக் கோருவோம். தொழிலாளரின் உடல்நலம் சிதைக்கப்படக் கூடாது என்னும் 39ஆம் உறுப்பும், மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலை வலியுறுத்தும் 42ஆம் உறுப்பும் அவருடைய தலைமையில் வரைவு பெற்ற அரசமைப்பில்தான் இருக்கின்றன.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். நினைவுநாளில் மாலையோடு வரும் மாணவத் தோழர்கள் தம் ஊர்க் குப்பைமேட்டுக்கும் ஒருமுறை செல்ல வேண்டும். அங்கே உழைப்போரின் பெயர்களைப் பட்டியலிட்டு, அடையாள அட்டை கோரும் மனுவைப் பேரூராட்சியில் அளித்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். கணக்கில் வராதவருக்கு நிதி வராது.