இறக்கையைத் தலைகீழாக மாட்டிய மனுஷன்: காலின் சாப்மன் கதை

டிசம்பர் கடைசியில கோடியக்கரைக்குப் போயிருக்கீங்களா? வேதாரண்யம் தாண்டி, உப்பளங்களைக் கடந்து, ரோடு முடியுற இடம். வெளிமானைப் பார்க்கப் போறவங்க ஒரு பக்கம், 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியை நினைச்சுக்கிட்டுப் போறவங்க இன்னொரு பக்கம். ஆனா, அந்த சீஸன்ல அங்கே ஹீரோ பறவைகள்தான்.

அடுத்த முறை போனா, தண்ணியை ஒட்டிப் பறக்கிற கூழைக்கடாவைக் கொஞ்ச நேரம் கவனிங்க. இறக்கையை அடிக்காமலேயே ரொம்ப தூரம் வழுக்கிக்கிட்டுப் போகும். தண்ணிக்கு மிக அருகில் பறக்கும்போது, இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடை குறைந்துவிடும். அதனால் குறைந்த உழைப்பிலேயே நிறைய தூரம் போக முடிகிறது. இதுக்குப் பேர்தான் 'கிரவுண்ட் எஃபெக்ட்'.

இப்போ அந்த இறக்கையை அப்படியே தலைகீழாத் திருப்பி, ஒரு ரேஸ் காரோட வயித்துக்குக் கீழே மாட்டுங்க. மேலே தூக்கின விசை, காரைக் கீழே அழுத்தும் விசையாக மாறிடும். தரை பக்கத்திலேயே இருப்பதால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். 1977-ல் ஃபார்முலா 1 டிராக்கில் இதை ஓட்டிக் காட்டியது லோட்டஸ் டீம். அதன் முதலாளி காலின் சாப்மன் இறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், 2026-ல் வந்திருக்கும் ஃபார்முலா 1 புது விதிகள் உங்களுக்குப் புரியணும்னா, இவரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும்.

காதலி வீட்டு ஷெட்டில் பிறந்த கார்

சாப்மன் பிறந்தது 1928 மே 19-ல், லண்டனை ஒட்டிய ரிச்மண்டில். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங் படித்தார். குறைந்த பொருளை வைத்து அதிக பாரத்தைத் தாங்கவைப்பது எப்படி என்பதுதான் அந்தப் படிப்பின் சாரம். காலேஜ் நாளிலேயே பழைய கார்களை வாங்கி விற்கும் சைடு பிசினஸ். அதோடு, பல்கலைக்கழக மாணவர்களுக்கான விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஸ்ட்ரக்சர், கார், விமானம். அவர் பின்னாளில் செய்ததெல்லாம் இந்த மூணும் கலந்த விஷயங்கள்தான்.

1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துப் போட்டு, தன் முதல் போட்டிக் காரைக் கட்டினார். எங்கே தெரியுமா? காதலி ஹேஸலின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில். நம்ம ஊர் லேத் பட்டறையில மோட்டாரைப் பிரிச்சு மேயுற அண்ணன்களை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதே ரகம். 1952-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் கம்பெனியைத் தொடங்க ஹேஸல் கொடுத்த பணம் 25 பவுண்ட். 1954-ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

கையில் காசு இல்லாததால் பெரிய இன்ஜினை வைத்து ஜெயிக்க முடியாது. அதனால் காரின் எடையைக் குறைத்தார். தேவையில்லாத ஒரு ஆணி, ஒரு தகடுகூட இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. காரின் வெளிவடிவத்துக்கு விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபிராங்க் காஸ்டினை அழைத்து வந்தார். 1962-ல் வந்த லோட்டஸ் 25, குழாய்களை வெல்டு பண்ணிய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, விமானத்தின் உடல் மாதிரி ஒரே கூடாகக் கட்டப்பட்ட கார். டிரைவர் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டே ஓட்டணும். காற்றில் மோதும் முன்பக்கப் பரப்பு குறைந்தது. அந்த காரை வைத்து ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன். 1965-ல் மறுபடியும் சாம்பியன். அதே 1965-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயமும் லோட்டஸ் வசம்.

சேற்றில் சிக்கிய டிராக்டரும் ரேஸ் காரும்

இங்கே ஒரு சின்ன பிரேக். காருக்கு எதுக்கு இறக்கை?

டெல்டா பக்கம் வயல் சேத்துல டிராக்டர் சக்கரம் வெறுமனே சுத்தினா என்ன பண்ணுவாங்க? நாலு பேர் பின்னாடி ஏறி நிப்பாங்க. பாரம் கூடினால் டயருக்குப் பிடிப்பு கூடும். ரேஸ் காருக்கும் அந்தப் பிடிப்புதான் வேணும். ஆனா, நிஜமாகவே எடையை ஏற்றினால் கார் வளைவில் திரும்பத் திணறும், பிரேக் பிடிக்காது. அந்த பாரத்தைக் காற்றே கொடுத்தால்? எடை கூடாது, பிடிப்பு மட்டும் கூடும். இதைத்தான் 'டவுன்ஃபோர்ஸ்' என்கிறார்கள். இன்றைய ஃபார்முலா 1 கார் முழு வேகத்தில் போகும்போது, காற்று அதை அழுத்தும் விசை காரின் சொந்த எடையைவிட அதிகம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வகைக் கார்களில் நாலு சக்கரமும் மூடியில்லாமல் வெளியே நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் சுழலும்போது காற்றைக் கலக்கிவிடும். பின்னால் வரும் கார் அந்தக் கலங்கிய காற்றில் மாட்டினால் அதன் பிடிப்பு போய்விடும். ஓவர்டேக் பண்ண முடியாது. ஏரோடைனமிக்ஸ் விதிகளில் பல இந்தத் தலைவலியைச் சமாளிக்கத்தான்.

கம்பத்தில் நின்ற இறக்கை

1968 ஏப்ரல் 7. ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் ஜிம் கிளார்க் இறந்தார். சாப்மனுக்கு அவர் டிரைவர் மட்டுமில்லை, ரொம்ப நெருங்கிய நண்பர். அந்த அடியிலிருந்து மீளாமலேயே அவர் சீஸனைத் தொடர்ந்தார். அந்த வருஷம்தான் ஃபார்முலா 1-ல் இறக்கைகள் முளைத்தன. லோட்டஸ் 49 காரில் ஒல்லியான கம்பங்கள்மீது உயரமாக ஒரு இறக்கை, அதன் பாரம் நேராகச் சக்கரத்துக்கே போகும். வருஷக் கடைசியில் மெக்ஸிகோவில், நேர் பாதையில் இறக்கையைத் தட்டையாக்க ஒரு தனி பெடலே வைத்தார்கள். அந்தப் பந்தயத்தில் கிரஹாம் ஹில் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார்.

1969 மே மாதம், ஸ்பெயினின் பார்சிலோனா. ரோட்டில் ஒரே மேட்டைத் தாண்டும்போது, ஹில் காரின் இறக்கை ஒடிந்தது. சில சுற்றுகள் கழித்து யோக்கன் ரிண்ட்டின் கார் இறக்கையும் ஒடிந்தது. ரெண்டு காரும் தடுப்பில் மோதின. ரிண்ட்டுக்கு முகத்தில் எலும்பு முறிவு. இரண்டே வாரத்தில், மொனாக்கோவில், உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. எடையைக் குறைக்கிறேன் என்று கம்பத்தை எந்த அளவுக்கு ஒல்லியாக்கலாம் என்ற கேள்விக்கு, டிரைவரின் உடம்பு பதில் சொன்னது.

லோட்டஸ் கார்கள் பலவீனமாக இருப்பதாக ரிண்ட் வெளிப்படையாகவே குறை சொன்னார். ஆனாலும் டீமை விட்டுப் போகவில்லை. காரணம், அதைவிட வேகமான கார் வேறு இல்லை. 1970-ல் ஆப்பு வடிவத்தில் வந்த லோட்டஸ் 72 காரில் வரிசையாகப் பந்தயங்களை ஜெயித்தார். செப்டம்பர் 5, இத்தாலியின் மான்ஸா. நேர் பாதை வேகத்துக்காக இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பயிற்சி ஓட்டத்தில் இறங்கியிருந்தார். பிரேக் பிடிக்கும் இடத்தில் கார் விலகித் தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார். அதுவரை அவர் எடுத்திருந்த புள்ளிகளை யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா 1 டிரைவர் இன்றுவரை அவர்தான்.

அட்டை ஒட்டியதும் நடந்த அதிசயம்

1975-ல் டீம் தோற்றுக்கொண்டிருந்தது. சாப்மன் தன் ஆட்களைத் தனியாக உட்காரவைத்து, காரை முதலிலிருந்து யோசிக்கச் சொன்னார். டோனி ரட், பீட்டர் ரைட், ரால்ஃப் பெல்லமி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். லண்டன் இம்பீரியல் காலேஜின் காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாடலை வைத்து சோதித்தபோது, எண்கள் தாறுமாறாக மாறின. என்னடான்னு பார்த்தா, மாடலின் பக்கவாட்டுப் பெட்டிகள் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றே அதைக் கீழே இழுத்திருக்கிறது! பக்கவாட்டு இடைவெளியை அட்டையால் அடைத்துப் பார்த்தார்கள். டவுன்ஃபோர்ஸ் கிடுகிடுவென ஏறியது.

அதுதான் லோட்டஸ் 78, அதன் அடுத்த வடிவம் லோட்டஸ் 79. காரின் இரு பக்கமும் தலைகீழ் இறக்கை. வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுக்க, தரையைத் தொட்டுக்கொண்டே வரும் தடுப்புப் பலகைகள். 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். ஆனால் அதே மான்ஸாவில், பந்தயம் தொடங்கிய உடனே நடந்த மோதலில் சிக்கிய லோட்டஸ் டிரைவர் ரோனி பீட்டர்சன், மறுநாள் இறந்தார். சாம்பியன் பட்டத்தைக் கொண்டாடக்கூட அந்த டீமுக்கு மனசு வரவில்லை.

மத்த டீம்களும் அதே வித்தையைக் காப்பியடித்தன. வளைவு வேகம் பயங்கரமாக ஏறியது. ஒரு பலகை மாட்டிக்கொண்டாலோ உடைந்தாலோ பிடிப்பு ஒரே நொடியில் காணாமல்போகும், கார் பறக்கும். 1981-ல் நகரும் பலகைகளுக்குத் தடை. அதைச் சுற்றிவளைத்து ஜெயிக்க, ஒரு காருக்குள் இன்னொரு சட்டம் என லோட்டஸ் 88-ஐ சாப்மன் கட்டினார். அதையும் ஓடவிடவில்லை. 1983 முதல் காரின் அடிப்பாகம் தட்டையாக இருக்கணும் என்று விதி வந்தது.

அதைப் பார்க்க சாப்மன் இல்லை. 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பில் இறந்தார். வயது 54. ஆறு முறை டிரைவர் பட்டம், ஏழு முறை டீம் பட்டம் அவர் கணக்கில் இருந்தன. கூடவே கறையும் இருந்தது. டிலோரியன் கார் கம்பெனிக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பணத்தில் பெரிய தொகை வேறு பக்கம் போன விவகாரத்தில், லோட்டஸின் நிதி அதிகாரி 1992-ல் சிறைக்குப் போனார். சாப்மனை விசாரிக்க அவர் உயிரோடு இல்லை.

2026-ல் அவர் நிழல்

2022-ல் ஃபார்முலா 1, கிரவுண்ட் எஃபெக்ட்டைத் திரும்ப அழைத்தது. பின்னால் வரும் காருக்குக் கலங்கிய காற்று குறையட்டும் என்பதுதான் நோக்கம். சில கார்கள் நேர் பாதையில் குதிரை மாதிரி குதித்ததை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. 2026 விதிகளில் அடிப்பாகச் சுரங்கங்கள் சுருங்கித் தட்டையாகியிருக்கின்றன. குறைந்தபட்ச எடை 768 கிலோ, முன்பைவிட சுமார் 30 கிலோ கம்மி. அகலத்தில் 10 செ.மீ. குறைந்திருக்கிறது. முக்கியமா, முன் இறக்கையும் பின் இறக்கையும் ஓடும்போதே வடிவம் மாறும். வளைவில் நிமிர்ந்து நின்று அழுத்தும், நேர் பாதையில் படுத்துக்கொண்டு காற்றுக்கு வழிவிடும். இறங்கும்போது விரித்து, பாயும்போது மடக்கும் பறவை இறக்கை மாதிரியே.

எடைக் குறைப்பு, நகரும் இறக்கை ரெண்டுமே சாப்மன் துரத்திய விஷயங்கள்தான். வித்தியாசம் என்னன்னா, இன்று இறக்கையின் கம்பம் எவ்வளவு பாரம் தாங்கணும், காரின் கூடு எவ்வளவு மோதலைத் தாங்கணும் என்பதை டீம் முதலாளி முடிவு பண்ண முடியாது. சோதனையில் பாஸானால்தான் கார் டிராக்குக்கே வரும்.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 கார் ஓட்டினார். 2011 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் லோட்டஸ் என்ற பெயர் தாங்கிய காரை ஓட்டியவர் சென்னை கருண் சந்தோக். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தன. உங்க தெருவில் இருந்தே நாளைக்கு ஒருத்தர் அந்த சீட்டில் உட்காரலாம்.

அதனால, அடுத்து ஒரு ரேஸை மொபைலில் பார்க்கும்போது விதிகள் சுவாரஸ்யத்தைக் கெடுக்குதுன்னு யாராவது கமென்ட் போட்டா, 1969 பார்சிலோனாவை அவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க. ரிண்ட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்க.